கப்பித்தானும் அண்ணாச்சி கடை மெஷினும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஏழு ரெக்கார்டை வயர் கூடையில வச்சு, பத்து மணிக்குள்ள தங்கப்பழம் அண்ணாச்சியோட புதுக் கடைக்குக் கொண்டுபோகணும். கொண்டுபோய்ப் போட்டுக் காட்டணும்.

இதுல தப்பு நடக்க என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல, போறது வேற யாராவதா இருந்திருந்தா.

அண்ணாச்சி பெரிய கடைத்தெருவுல ரேடியோ, ரெக்கார்டு கடை திறக்காரு. புது ஹார்பர் வந்ததுல இருந்து கப்பல்காரங்க ஊருக்குள்ள வந்து இங்கிலீஷ் பாட்டு கேக்காங்களாம். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் பாட்டுன்னா கிறிஸ்மஸுக்கு கோயில்ல பாடுறது மட்டும்தான் தெரியும். "விவரம் தெரிஞ்ச பிள்ள யாரும் இருந்தா சொல்லுங்க"ன்னு எங்க அப்பாகிட்ட கேட்டிருக்காரு. அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற தோணியில தண்டல். தோணியும் அதுல இருக்கிற ஆளுகளும் அவர் சொன்னபடிதான் நடக்கணும். வீட்டுல மட்டும் யாரும் நடக்க மாட்டோம்.

அப்பா யோசிக்கவே இல்லையாம். "எங்க வீட்டுல ஒண்ணு கிடக்கு. அதுக்கு அது மட்டும்தான் தெரியும்"னுட்டாரு.

உண்மைதான். பத்தாங்கிளாஸ்ல கணக்குல கோட்டை விட்டேன். திரும்ப எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். அம்மா ரெண்டு நாள் அழுதா, மூணாம் நாள் கன்னியர் மடத்துத் தையல் கிளாஸுக்கு என் பேரைக் குடுத்துட்டு வந்துட்டா.

"ஏளா பிலோமி, திங்கக்கிழமைக்குள்ள அந்தக் கடையில உன்னை எடுத்துக்கிட்டா போ. இல்லன்னா வாய மூடிட்டு ஊசியில நூலைக் கோரு."

ஊசியில நூலக் கோக்கிறதுக்கா நான் பிறந்தேன்? எப்படியாவது அந்தக் கடையில உக்காந்திரணும். அது மட்டும்தான் மனசுல.

ரெக்கார்டு கதையையும் சொல்லிருதேன். அப்பா கொழும்புல ஒரு பழைய சாமான் கடையில ஒரு பிளேயரும் ஒரு தேயிலைப் பெட்டி நிறைய இங்கிலீஷ் ரெக்கார்டும் வாங்கிட்டு வந்தாரு. வார வழியில தோணிக்குள்ள தண்ணி ஏறி பெட்டி முங்கிருச்சு. வீட்டுக்கு வந்து சேந்தப்போ உடையாம இருந்தது ஏழு. ஏழுலயும் நடுவுல ஒட்டியிருந்த காகிதம் கரைஞ்சு கூழாப்போச்சு. எந்தப் பாட்டு, யார் பாடுனா, ஒரு எழுத்து இல்ல. பிளேயருக்கும் உப்புத்தண்ணி பட்டு அதுல இருந்த திருகு அப்படியே துருப்பிடிச்சு நின்னுபோச்சு. ஆனா சுத்துச்சு. சுத்துதுல்லா, அப்புறம் என்ன?

பேரு இல்லாததால நானே பேரு வச்சேன். மாசா மாசம் வரிசையும் போட்டேன், கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல. அந்த நோட்டு உருப்படியா பயன்பட்டது அந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

முதல் இடம், கப்பித்தான். கப்பல் கேப்டன அப்பா அப்படித்தான் சொல்லுவாரு. அடேயப்பா, குரல்னா அது குரல்! கப்பலோட அடித்தட்டுல இருந்து ஏறி வாரது மாதிரி வரும். இந்த ஊர் ஆம்பளைங்க பேசுனா சைக்கிள் பெல் அடிச்ச மாதிரி இருக்கும். கல்யாணம்னு ஒண்ணு பண்ணுனா இப்படிக் குரல் உள்ளவனைத்தான் பண்ணணும்னு ஜெபமாலை சொல்லும்போதே முடிவு பண்ணியிருந்தேன்.

ரெண்டாம் இடம், ஒரு கிடார் கோஷ்டி. ரோடு ரோலர் மாதிரி அவசரமில்லாம நசுக்கிக்கிட்டே போவானுங்க.

மூணாம் இடத்துல இருக்கவன் பாடவே மாட்டான். பேசுவான். கோயில்ல சாமியார் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லா, நிதானமா. எவ்வளவு யோசிச்சுப் பேசுதான் பாருன்னு நானே தலையாட்டிக்குவேன்.

நாலாம் இடம், சோகப் பாட்டு. மூணு மாசமா அதைக் கேட்டு அழுதேன். ஒருநாள் அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்து, "யாருளா செத்தா?"ன்னா.

மத்த மூணும் சும்மா, எண்ணிக்கைக்கு.

தமிழ்ப் பாட்டு அந்த மெஷின்ல நான் ஒண்ணுகூட போட்டது கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க சினிமாப் பாட்டு ரெக்கார்ட தூக்கிட்டு வந்து கெஞ்சுங்க. "மரத்தைச் சுத்தி ஓடுற பாட்டெல்லாம் என் மெஷின்ல ஏறாது"ன்னு விரட்டிருவேன். ஒரே ஒரு தடவை போட்டிருந்தா அன்னைக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும். நான்தான் பெரிய இவளாச்சே!

இன்னொண்ணும் நடந்துச்சு. ஒருநாள் பக்கத்து வீட்டு ரேடியோவுல கொழும்பு ஸ்டேஷன் இங்கிலீஷ் நிகழ்ச்சி ஓடுது. கப்பித்தான் பாட்டு! ஆனா பாடுறது ஒரு பொம்பள. அதுவும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாடுற மாதிரி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "எங்க கப்பித்தான் பாட்டை எவளோ திருடிட்டா, பாத்தியளா!"ன்னு தெரு முழுக்கச் சொன்னேன். தெருவுல ரெண்டு பேர் அந்தப் பொம்பளையத் திட்டவும் செஞ்சாங்க.

சரி, கடைக்கு வாரேன்.

எங்க வீடு இருக்க திரேஸ்புரத்துல இருந்து நடந்தே போனேன். ஒன்பதரை வெயிலே மண்டையப் பிளந்துச்சு. அம்மா குடுத்த கூடை நெத்திலிக் கருவாடு வாங்குற கூடை. தெருவுல எதிர்ல வந்த பூனை எல்லாம் என் கப்பித்தானுக்கு மரியாதை பண்ணுச்சு.

கடை வாசல்ல வாழைமரம், உள்ள இருபது பேர், ஆளுக்கொரு எலுமிச்சம்பழச் சர்பத். புத்தம்புது பிளேயர் ஒண்ணு மேசை மேல, பொட்டு வச்சு மாலை போட்டு இருந்துச்சு. அண்ணாச்சி முதல்ல பிள்ளையார் பாட்டு போட்டாரு. நல்லா ஓடுச்சு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"இனிம நம்ம தண்டல் மக இங்கிலீஷ் பாட்டு போடுவா"ன்னாரு அண்ணாச்சி. வேட்டிய ஒரு தடவ இறுக்கிக் கட்டிக்கிட்டாரு.

நான் கூட்டத்தப் பாத்து, "இது இந்த மாசம் முதல் இடத்துல இருக்க பாட்டு"ன்னேன். எங்க முதல் இடம், யாரு குடுத்தான்னு யாரும் கேக்கல. நல்லவேளை.

கப்பித்தான எடுத்துத் தட்டுல வச்சேன். முள்ள இறக்கினேன்.

கீச்சுன்னு ஒரு பொம்பள!

அதே திருடி! கொழும்பு ஸ்டேஷன்ல வந்த அதே பொம்பள, என் கப்பித்தானோட ரெக்கார்டுக்குள்ள உக்காந்திருக்கா!

முள்ளத் தூக்கிட்டேன். இருபது பேரும் என்னையே பாக்காங்க.

"என்னளா, நல்லாத்தானே பாடுதா?"ன்னாரு அண்ணாச்சி.

"பாடுதாளா? அண்ணாச்சி, இது ஆம்பள பாட்டு!"

"அப்ப இவ யாரு?"

எனக்கென்ன தெரியும்? ஆனா தெரியலன்னு சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. "வெயில்ல கொண்டுவந்தேம்லா. ரெக்கார்டு சூடாயிருச்சு. சூட்டுல இளகி வேகமா ஓடுது. ஆற வைக்கணும்"னேன்.

இருபது பேர்ல ஒருத்தர்கூட சிரிக்கல. அண்ணாச்சி பயபக்தியா ரெக்கார்ட வாங்கி, குடிதண்ணிப் பானை மேல வச்சாரு. ஒரு பையன் விசிறியால வீச ஆரம்பிச்சான். அஞ்சு நிமிஷம் கடை முழுக்க, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நின்னோம்.

ஆறின ரெக்கார்டுல அவ இன்னும் தெளிவா பாடுனா.

"ஆறிருச்சேளா"ன்னாரு அண்ணாச்சி.

"சூடு இல்ல அண்ணாச்சி. கரண்டு. எங்க திரேஸ்புரத்துல பல்பு பழுத்த மிளகா மாதிரி செவப்பாத்தான் எரியும். உங்க கடைத்தெருவுல கரண்டு முழுசா வருது. அதான் மெஷின் தாறுமாறா சுத்துது."

சர்பத் குடிச்சிட்டிருந்த ஒரு பெரியவர் தம்ளரக் கீழ வச்சாரு. "பிள்ள சொல்லுதது நியாயம். எங்க வீட்டு ஃபேன்கூட சில நாள் பிச்சுக்கிட்டுப் பறக்கப் பாக்கு"ன்னாரு.

ஒரு ஆள் ஆமான்னுட்டா போதும், எனக்கு வேற ஊக்கம் வேண்டாம். "அண்ணாச்சி, கடையில இருக்க எல்லா லைட்டையும் போடுங்க. கரண்டு குறையும்."

போட்டாரு! பட்டப்பகல்ல டியூப் லைட்டு, சீரியல் பல்பு, ரெண்டு ஃபேனு எல்லாம் போட்டாரு. அதுவும் போதாதுன்னு விக்கிறதுக்கு வச்சிருந்த ஆறு ரேடியோவையும் போட்டு விட்டாரு. ஒண்ணுல மாநிலச் செய்தி, ஒண்ணுல விவசாயம், மத்ததுல எல்லாம் கொர்ர்ர். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்துக்கு நடுவுல அவ மட்டும் அசராம பாடுதா.

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டுது. ஒவ்வொண்ணா அணைச்சிட்டு, ஒரு சினிமாப் பாட்டு ரெக்கார்ட எடுத்துப் போட்டாரு. சுத்தமா ஓடுச்சு. வேகமும் இல்ல, கீச்சும் இல்ல. கூட்டத்துல ரெண்டு பேர் தாளம் வேற போடுதாங்க.

"பாத்தியா? மெஷின் சரியாத்தான் இருக்கு"ன்னாரு. பாவம், அவருக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு.

அந்த இடத்துல ஒரு மனுஷிக்குப் புத்தி வரணும். எனக்கு வரல.

"அண்ணாச்சி, உங்கள ஏமாத்திட்டான். இது தமிழ்ப் பாட்டுக்குன்னு செஞ்ச மெஷின்."

"பெட்டியில அப்படி ஒண்ணும் எழுதலையேளா!"

"எழுதுவானா? எழுதியிருந்தா நீங்க வாங்குவியளா?"

அண்ணாச்சி பெட்டிய எடுத்து நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கூட்டத்துல "ஆமா, இப்பல்லாம் அப்படித்தான் செய்யுதான்"னு ஒரு குரல்.

"விடுங்க. எப்படி ஓட்டணும்னு நான் காட்டுதேன்"னு சொல்லி, கப்பித்தான மறுபடியும் வச்சு, சுத்துற ரெக்கார்டோட ஓரத்துல ஆள்காட்டி விரல அழுத்துனேன்.

அவ குரல் இறங்குச்சு. இறங்கி, இறங்கி... வந்துட்டான்! கப்பித்தான்! அடித்தட்டுல இருந்து ஏறி வாரான்!

"இதான் பாட்டு!"ன்னு கத்துனேன்.

கூட்டம் வாயப் பொளந்து நின்னுச்சு. ஆனா விரலு வலிக்குதே. கொஞ்சம் தளந்தா அவ எட்டிப் பாக்கா. அழுத்துனா அவன் வாரான். இன்னும் அழுத்துனா மாடு கத்துது. ஒரே பாட்டுல புருஷன், பொண்டாட்டி, மாடு மூணு பேரும் பாடுனாங்க. புது மெஷின் அடியில இருந்து உருளைக்கிழங்கு தீயிற வாடை வேற. அண்ணாச்சி கண்ணுல தண்ணி.

அப்பத்தான் வாசல்ல இருந்து ஒருத்தர் உள்ள வந்தாரு. காயல்பட்டினத்துக்காரர். துபாய்ல வேலை, லீவுல வந்திருக்காரு. அண்ணாச்சி அவர காக்கான்னுதான் கூப்பிடுவாரு, அந்த ஊர்ல அண்ணனுக்குக் காக்கா. மடிப்புக் கலையாத சட்டை, நாலு அடிக்கு முன்னாலயே வார அத்தர் மணம், கையில பெட்டிப் பெருசுக்கு ரேடியோவும் கேசட்டும் சேந்த மெஷின். அதுக்கு பேட்டரி வாங்க வந்தவரு.

கொஞ்ச நேரம் என் விரலயே பாத்துக்கிட்டு நின்னாரு.

"என்னம்மா செய்யிறிய? அதுக்குக் கழுத்த நெரிக்கிறியளா?"

"சரியான வேகத்துல ஓட்டுதேன் காக்கா."

"இந்தப் பாட்டு துபாய்ல டாக்சிக்கு டாக்சி ஓடுதம்மா. பாடுறது ஒரு பொண்ணு."

"அது காப்பி. இதுதான் ஒரிஜினல். ஆம்பள பாடுனது."

காக்கா சண்டை போடல. பெட்டிய மேசை மேல வச்சாரு. ஒரு கேசட்ட எடுத்தாரு. அட்டையில ஒரு பொம்பள படம், சுருட்டை முடி, காதுல வளையம். பொத்தான அமுக்குனாரு. அவளேதான். அதே வேகம். அதே கீச்சு.

நான் விடல. "உங்க பெட்டியும் கெட்டுப்போச்சு காக்கா."

"அப்ப அட்டையில இருக்கே, அந்தம்மாவும் கெட்டுப்போச்சா?"

கடை குலுங்கிச் சிரிச்சுது. பானைக்கு விசிறி வீசுனானே, அந்தப் பையன் கீழ உக்காந்து சிரிச்சான்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கல. பிளேயரக் குனிஞ்சு பாத்தாரு. அதுல ஒரு திருகு. பக்கத்துல, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு மூணு நம்பரு: முப்பத்தி மூணு, நாப்பத்தி அஞ்சு, எழுபத்தி எட்டு. திருகு நாப்பத்தி அஞ்சுல நின்னுச்சு. "விரல எடுளா"ன்னாரு. முப்பத்தி மூணுக்குத் திருப்புனாரு.

கப்பித்தான் வந்தான். விரலே இல்லாம. அழகா, ஆடாம அசையாம.

"உங்க வீட்டு மெஷின்ல இந்தத் திருகு எதுல நிக்கி?"

எங்க வீட்டுத் திருகு துருப்பிடிச்சு நின்னது முப்பத்தி மூணுலதான். நான்கூட ஒருதடவ குறடு வச்சு அசைச்சுப் பாக்கலாம்னு போனேன். அம்மாதான் பாத்துட்டு, "முப்பத்தி மூணுளா! ஆண்டவரு சிலுவையில உயிர விட்ட வயசு. அது தானா வந்து நின்னிருக்கு. தொடாத!"ன்னுட்டா. அதுல இருந்து அந்த வழியா போறப்ப எல்லாம் அம்மா அந்தத் திருகத் தொட்டு முத்தம் வச்சுக்குவா. நானும் சரின்னு விட்டுட்டேன். ஒரு வருஷம் பாட்டு கேட்டிருக்கேன், பக்தியோட, தப்பான வேகத்துல.

இதை அந்த இருபது பேர் முன்னால அப்படியே சொன்னேன். பொய் சொல்லத் தெம்பு இல்ல.

காக்கா, "சுபுஹானல்லா"ன்னு மட்டும் சொன்னாரு.

அதோட விட்டாங்களா? மிச்ச ரெக்கார்டையும் போட்டுப் பாக்கணும்னு கூட்டம் ஒத்தக் கால்ல நிக்குது. ரோடு ரோலர் கோஷ்டி நாய் விரட்டுன மாதிரி ஓடுனானுங்க. கல்யாண ஓலை வாசிச்ச சாமியார் இருக்காரே, அவரு கடற்கரையில மீன் ஏலம் விடுற ஆளாயிட்டாரு. மூச்சு விடல. "வஞ்சிரம் எவ்வளவுக்குப் போகுதுன்னு கேளு"ன்னான் ஒருத்தன்.

கடைசியா சோகப் பாட்டு. மூணு மாசம் நான் கண்ணீர் விட்ட பாட்டு. முள்ள இறக்கினதும் ஜிங்கு ஜிங்குன்னு ஆரம்பிச்சுது. அது ஆட்டப் பாட்டு! ரெண்டு சின்னப் பிள்ளைங்க கடைக்கு நடுவுல இடுப்ப ஆட்டுது. சர்பத் பெரியவர்கூட கால் ஆட்டுனாரு.

"இதுக்கா அழுத?"ன்னாரு அண்ணாச்சி.

"மெதுவா கேட்டா நீங்களும் அழுவிய"ன்னேன்.

ஒவ்வொரு ரெக்கார்டா கூடையில வச்சேன். கூட்டம் சிரிச்சிக்கிட்டே கலைஞ்சுது. காக்கா பேட்டரிய வாங்கிட்டு, "மனசுல வச்சிக்கிராதம்மா. ஆனா அந்த மெதுப்பாட்டும் கேக்க மோசமில்ல"ன்னு சொல்லிட்டுப் போனாரு. ஊருக்குள்ள ரசனை உள்ளவர் ஒருத்தராவது இருக்காருன்னு நினைச்சேன். அப்புறம் அது ஆறுதலுக்குச் சொன்னதுன்னு புரிஞ்சுது.

தையல் கிளாஸ் உறுதி. ஊசி, நூல், மடிப்பு, சிஸ்டர் கையில பிரம்பு. எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுச்சு. "வாரேன் அண்ணாச்சி"ன்னு படியிறங்கப் போனேன்.

"ஏளா, நில்லு."

நின்னேன். மெஷினுக்கு நான் என்ன பண்ணிட்டேனோன்னு திரும்பி அதப் பாத்தேன்.

அண்ணாச்சி துண்டால முகத்தத் துடைச்சாரு. "பட்டப்பகல்ல என்னை அம்புட்டு லைட்டையும் போட வச்ச. ஆறு ரேடியோவ அலற வச்ச. ரெக்கார்டுக்கு விசிறி வீச வச்ச. கடை என்னுது, மெஷின் என்னுது, நானே எடுத்துட்டு வந்தேன். எனக்கே அது மேல சந்தேகம் வர வச்சிட்டியேளா."

"தப்புதான் அண்ணாச்சி."

"தப்புன்னு இப்பத்தான சொல்லுத. ஒரு மணி நேரமா சொல்லலையே. கேசட்ட கண்ணால பாத்த பிறகும் சொல்லலையே!" அவரு நிஜமாவே அசந்துபோயிருந்தாரு. "விக்கிறத நான் வித்துக்குவேன். பாட்டு போட ஒரு பையன வச்சுக்குவேன். நீ திங்கக்கிழமை வந்து அந்த ஓரத்து மேசையில உக்காரு. வாங்கிட்டுப் போன சாமான் சரியில்லன்னு சண்டைக்கு வாரவங்க எல்லாம் அங்கன வரட்டும்."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "பாட்டு தெரியும்னுதானே எடுத்தாவ?"ன்னா. ஆமான்னுட்டேன். வாழ்க்கையில நான் சொன்ன பொய்கள்ல அது சின்னது. வீட்டு மெஷின் திருக யாரும் தொடல. அம்மா தொட விட மாட்டா, எனக்கும் தொட மனசில்ல. கடை மெஷின்ல தினமும் அந்தப் பொம்பளைய ஒரு தடவ கேக்கேன். நல்லாத்தான் பாடுதா, எரிச்சலா இருக்கு. இந்த மாச வரிசையில முதல் இடம் கப்பித்தான், ரெண்டாம் இடம் அவ. ரெண்டு பேருக்கும் ஒரே ரெக்கார்டு.

வேலை எப்படிப் போகுதுன்னு கேக்கியளா? நேத்து ஒருத்தர் புது ரேடியோ கரகரங்குதுன்னு தலையில தூக்கிக்கிட்டு வந்தாரு. "ரேடியோ நல்லாத்தான் இருக்கு. நீங்க கடலப் பாத்துத் திருப்பி வச்சிருப்பிய"ன்னேன்.

மன்னிப்புக் கேட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாரு.